ருசிய மொழிக் கோடைப் பள்ளியும் நமது மொழிபெயர்ப்பும்

ருசிய இலக்கியம் தமிழ் வாசகருக்கு அயல்வீட்டு இலக்கியமாகத் தோன்றுவதில்லை. கோர்க்கியின் 'தாய்' தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் எத்தனையோ இல்லங்களிற் படிக்கப்பெற்ற நூல். தோல்ஸ்தோய், தாஸ்தாயெவ்ஸ்கி, செக்கோவ் முதலியோர் பெயர்களை ஆங்கிலம் அறியாத வாசகரும் அறிவர். மலிவான விலையில், கெட்டி அட்டையுடன், மொஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ் நூல்கள் மன்னார்ப் பகுதியிலுள்ள சிறு நூல்நிலையங்களையும் ஒரு காலத்தில் அணிசெய்தன. இவ்வளவு நெருக்கம் இருந்தும், ருசிய மொழியைக் கற்றுத் தேர்ந்த தமிழர் எத்துணையர் என்று வினவின், விரல்விட்டு எண்ணும் நிலையிலேயே உள்ளோம். இலக்கியத்தை ஏற்றோம், மொழியை ஏற்றிலோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் நமது மொழிபெயர்ப்பு அடைந்த இழப்பு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர், ஓர் அயல்மொழியைக் குறுகிய காலத்தில் எவ்வாறு கற்பிக்கலாம் என்பதற்குச் சான்றாக விளங்கும் ஒரு கல்லூரியின் வரலாற்றை நோக்குதல் பயனுடைத்து.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கில் வேர்மொண்ட் என்னும் சிறிய மலைநாட்டு மாநிலம் உளது. அங்கே 1800ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மிடில்பெரிக் கல்லூரியில், 1915ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஜேர்மன் மொழிக்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் வாசார் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த லிலியன் ஸ்டிரோபே என்னும் அம்மையார். அவர் கொண்ட கொள்கை மிக எளியது. மொழியை வகுப்பறையில் மட்டும் கற்பித்தல் போதாது. உண்ணும் இடத்திலும், உலாவும் வழியிலும், விளையாட்டிலும் அம்மொழியே வழங்குதல் வேண்டும். அதற்கு மாணாக்கர் நகரங்களின் ஆரவாரத்தினின்றும் தம் தாய்மொழியினின்றும் விலகி ஓரிடத்தில் ஒருங்கே தங்குதல் வேண்டும். ஆசிரியரும் மாணாக்கரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்பர். இக்கொள்கை பின்னர் ஓர் உறுதிமொழியாக வடிவெடுத்தது. பள்ளிக்காலம் முடியும்வரை கற்கும் மொழியையன்றி வேறொரு மொழியையும் பேசேன் என்று மாணாக்கர் ஒவ்வொருவரும் கையொப்பமிடுவர். இன்றும் அவ்வழக்கம் அங்கு நிலவுகின்றது.

1916இல் பிரெஞ்சுப் பள்ளியும் அடுத்த ஆண்டில் ஸ்பானியப் பள்ளியும் தோன்றின. ஜேர்மன் பள்ளியோ முதலாம் உலகப் போரின் பகையுணர்ச்சியால் மூடப்பட்டு, 1931இலேயே மீண்டும் திறக்கப்பெற்றது. 1932இல் இத்தாலியப் பள்ளி வந்தது. ருசியப் பள்ளி 1945இல் மீஷா பேயர் என்பாரைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. ஆண்டை நோக்குக. இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற ஆண்டு அது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அன்று நேச நாடுகள். சில ஆண்டுகளுள் அவை பகை நாடுகள் ஆயின. பள்ளியோ நட்பிலும் வளர்ந்தது. பகையில் இன்னும் வேகமாக வளர்ந்தது! 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் தன் முதற் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியபோது அமெரிக்கர் அடைந்த அதிர்ச்சி, மறு ஆண்டிலேயே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டமாக உருவெடுத்தது. அச்சட்டத்தின் வழியே கணிதத்திற்கும் அறிவியலுக்கும் மட்டுமன்றி அயல்மொழிக் கல்விக்கும் அரசாங்கப் பணம் பெருகி ஓடியது. பகைவனுடைய மொழியைப் படிக்காது பகைவனை அறிதல் இயலாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். நாமும் 1956க்குப் பின்னர் ஒரு மொழிச் சட்டத்தால் அதிர்ச்சியடைந்தோம்; ஆனால் அவ்வதிர்ச்சியிலிருந்து நாம் பெற்ற விளைவு வேறு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இக்கோடைப் பள்ளிகளைப் பற்றிப் புகழுரை மட்டும் கூறிச் செல்லுதல் திறனாய்வாகாது. இவற்றிற் குறை இரண்டு உள. ஒன்று, செலவு. உண்டியும் உறையுளும் கல்வியும் ஒருங்கே அளிக்கும் பள்ளி ஏழை மாணாக்கனுக்கு எட்டாக்கனி. உதவிப்பணம் கிடைத்தவன் மாத்திரமே நுழைய இயலும். மற்றையது நுட்பமானது. அமெரிக்காவில் அக்காலத்து ருசியம் கற்பித்தோருள் பலர் 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் தாய்நாட்டை நீத்து வந்தவர்கள் அல்லது அவர்தம் மக்கள். அவர்கள் பேணிய மொழி புரட்சிக்கு முற்பட்ட ருசியத்தின் செம்மையும் மரியாதையும் உடையது. சோவியத் நாட்டின் தெருக்களிலும் தொழிற்சாலைகளிலும் அதற்குள் வேறொரு ருசியம் வளர்ந்துவிட்டது. எனவே மாணாக்கன் கற்றது ஓரளவு நினைவின் மொழியே. இதனைக் குறை என்றேனாயினும், புலம்பெயர்ந்த தமிழருடைய பிள்ளைகள் தொறன்ரோவிலும் இலண்டனிலும் சனிக்கிழமைப் பள்ளிகளில் கற்கும் தமிழை எண்ணும்போது, நினைவின் மொழியாயினும் அஃது இல்லாதிருப்பதினும் நன்று என்றே தோன்றுகின்றது. வேறுபாடு இது: கோடைப் பள்ளி மாணாக்கன் எட்டு வாரம் அம்மொழியிலேயே வாழ்ந்தான், சனிக்கிழமைப் பள்ளிப் பிள்ளை வாரத்தில் ஓரிரு மணி நேரம் அம்மொழியைச் சென்று பார்த்து வருகின்றது.

இனி, ருசியர் தமிழைக் கற்ற வரலாற்றிற்கு வருவாம். இது நமக்கு ஓரளவு நாணம் தரும் வரலாறு.

சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத்து மானிடவியல் நூதனசாலையிற் பணியாற்றிய அலெக்சாந்தர் மெர்வார்த் என்பாரும் அவர் மனைவியார் லுத்மீலா மெர்வார்த் அம்மையாரும் 1914ஆம் ஆண்டில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஆய்வுப் பயணமாக வந்தனர். அலெக்சாந்தர் ஜேர்மனியில் மன்ஹைம் நகரில் 1884இற் பிறந்து ருசியாவைத் தாயகமாகக் கொண்டவர். அவர்கள் புறப்பட்ட ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. போர் அவர்களைத் தடுத்திலது. இலங்கையில் தங்கி இந்நாட்டு மொழிகளைப் பயின்றனர். பின்னர் தென்னிந்தியாவிலும் வடநாட்டிலும் திரிந்து, மக்கள் வழங்கும் பொருள்களைத் திரட்டினர். கல்கத்தா இந்திய நூதனசாலையில் அலெக்சாந்தர் சில காலம் பணிபுரிந்ததும் உண்டு. 1918இல் நாடு திரும்ப முயன்றபோது அங்கே புரட்சியும் உள்நாட்டுப் போரும் நிகழ்ந்துகொண்டிருந்தன. அதனால் விளாடிவொஸ்தோக் நகரிலேயே பல்லாண்டு தங்க நேர்ந்தது. 1920களின் இடையில் லெனின்கிராட் என்று பெயர் மாறிய தம் நகரை அடைந்த மெர்வார்த், அங்கே தமிழைக் கற்பித்தார். 1929ஆம் ஆண்டில் அவர் ருசிய மொழியில் வெளியிட்ட நூல் பேச்சுத் தமிழின் இலக்கணம். ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நம் நாட்டுப் பண்டிதர்கள் பேச்சுத் தமிழுக்கும் இலக்கணம் உண்டு என்று ஒப்புக்கொள்ளத் தயங்கிய காலத்தில், நெவா ஆற்றங்கரையில் ஒருவர் நாம் வாயாற் பேசும் தமிழுக்கு இலக்கணம் வகுத்தார். ஏன்? அவர் தமிழை ஏட்டில் மட்டும் கற்றவரல்லர். தமிழர் வாழும் இடங்களில் அதனைக் கேட்டவர். கோடைப் பள்ளியின் கொள்கை யாதோ அதனை அவர் தம் வாழ்க்கையிலேயே நடத்திக் காட்டினார்.

இந்நூல் வெளிவந்த மறு ஆண்டில், 1930இல், அறிவியற் கழகத்தார் பலர்மீது தொடுக்கப்பட்ட அரசியல் வழக்கில் மெர்வார்த்தும் கைதானார். 1932இல் தண்டனை முகாமில் இறந்தார். லுத்மீலா அம்மையாரும் கைதாகித் துன்புற்றார். ஆயினும் உயிர்தப்பி, 1965வரை வாழ்ந்து, மலாய், இந்தோனேசியத் துறையில் அறிஞராக விளங்கினார். தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஒருவர் தண்டனை முகாமில் மாண்டமையை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? நம் மாணாக்கர் போப்பையரையும் வீரமாமுனிவரையும் அறிவர்; மெர்வார்த் என்ற பெயரை நம் பாடநூல்கள் கூறுவதில்லை.

மெர்வார்த்துக்குப் பின் அவ்விழை அறுந்து, போருக்குப் பின்னரே மீண்டும் தொடுக்கப்பட்டது. லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் செம்யோன் ருதின் தமிழ் கற்பித்தார். அவரும் அலெக்சாந்தர் பியாதிகோர்ஸ்கியும் தொகுத்த தமிழ் – ருசிய அகராதி 1960இல் மொஸ்கோவில் வெளிவந்தது. ஏறத்தாழ 38,000 சொற்களைக் கொண்ட அவ்வகராதியின் பதிப்பாசிரியர் ஒரு தமிழர். பூர்ணம் சோமசுந்தரம் என்பது அவர் பெயர். அவரைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கின்றது. 1965இல் அந்திரோனவும் பிறரும் தொகுத்த ருசிய – தமிழ் அகராதி வந்தது. அந்திரோனவின் தமிழ் இலக்கணம் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு 1969இற் சென்னையில் அச்சாயிற்று. யூரி கிளாசவ் சிலப்பதிகாரத்தை ருசிய மொழியிற் பெயர்த்தார். மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் தமிழ் கற்பித்துச் சங்கப் பாடல்களை ஆராய்ந்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி 2020இற் காலமானபோது தமிழ் உலகம் அவருக்காக வருந்தியது. இப்பெருமக்களுள்ளும் சிலர் அரசின் சினத்துக்கு ஆளாயினர். கிளாசவ் 1968இல் ஒரு கண்டனக் கடிதத்திற் கையொப்பமிட்டுப் பதவி இழந்து பின் நாட்டை நீங்கினார். பியாதிகோர்ஸ்கி 1974இல் வெளியேறி இலண்டனிற் பேராசிரியராய் விளங்கினார். மொழியை வளர்த்ததும் அரசே. மொழிந்தோரை விரட்டியதும் அரசே.

இவ்வாறு அவர்கள் அகராதியும் இலக்கணமும் செய்துகொண்டிருந்த காலத்தில் நாம் யாது செய்தோம்? இலங்கைக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் 1957இல் அரசுறவு ஏற்பட்டது. 1960இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கியபின், நம் நாட்டு இளைஞர் பலர் அங்கே சென்று மருத்துவமும் பொறியியலும் கற்றனர். அவர்கள் முதலாண்டு முழுவதும் ருசிய மொழியையே பயின்றனர். அதன் பின்னரே பாட நூலைத் தொட்டனர். எண்ணிப் பார்க்குமிடத்து, வேர்மொண்ட் மலையில் எட்டு வாரத்தில் நிகழ்ந்தது இங்கே ஓர் ஆண்டு முழுவதும் நிகழ்ந்தது. ருசியம் நன்கு அறிந்த தமிழர் ஒரு கூட்டத்தார் இவ்வாறு தோன்றினர். ஆனால் அவர்கள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் திரும்பினர். இலக்கியத்தின் பக்கம் திரும்பியோர் மிகச் சிலர். அது அவர் குற்றமன்று. ருசியம் கற்றவனுக்கு ருசிய இலக்கியத்தைத் தமிழாக்கும் பணியினை அளிப்பதற்கு நம் பல்கலைக்கழகங்களில் ஓர் இருக்கை இல்லை. நம் பதிப்பாளரிடம் அதற்கான பணமும் இல்லை.

பணம் மொஸ்கோவில் இருந்தது. அயல்மொழிப் பதிப்பகமும், அதன் பின்னர் 1963 தொடக்கம் முன்னேற்றப் பதிப்பகம் என்று பெயர்பெற்ற நிறுவனமும், இறுதியில் ராதுகா பதிப்பகமும் தமிழில் நூல்களை அச்சிட்டன. பூ. சோமசுந்தரம் என்று தம் பெயரைச் சுருக்கி எழுதிய பூர்ணம் சோமசுந்தரம் ருசிய மொழியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கினார். லெர்மந்தோவின் 'நம் காலத்து நாயகன்', பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை', ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' முதலியவை அவர் கைவண்ணம். 1991இல் சோவியத் ஒன்றியம் மறைந்ததும் இவ்வூற்று வற்றியது. அதன் பின்னர்ப் பெரும் புதினங்களைத் தமிழுக்குக் கொணர்ந்தோர் பெரும்பாலும் ஆங்கிலத்தையே வழியாகக் கொண்டனர்.

ஆங்கில வழி வந்தவை எல்லாம் தாழ்ந்தவை என்று கூறுவது என் கருத்தன்று. தொ. மு. சி. ரகுநாதன் 'தாய்' நூலை ஆங்கிலத்திலிருந்தே பெயர்த்தார். அதன் உயிர்ப்பை யார் மறுப்பர்? ரகுநாதனுக்குத் தமிழ் வசப்பட்டிருந்தது. மூலமொழி அறிவு மட்டும் இருந்து தமிழ் வராதவன் பெயர்ப்பும் பெயர்ப்பாகாது. டி. எஸ். சொக்கலிங்கம் தோல்ஸ்தோயின் பெரும் புதினத்துக்கு 'போரும் வாழ்வும்' எனப் பெயரிட்டார். ஆங்கிலத்தில் அஃது 'போரும் அமைதியும்'. ருசிய மொழியில் 'மீர்' என்ற சொல் அமைதிக்கும் உலகுக்கும் இன்று ஒரே எழுத்துக்கூட்டல் உடையது. 1918ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் இரண்டிற்கும் வேறு வேறு எழுத்து வழங்கிற்று. தோல்ஸ்தோய் நூலின் தலைப்பு அமைதிக்குரிய எழுத்திலேயே அச்சாயிற்று. எனவே கறாராக நோக்கின் 'அமைதி'யே சரி. ஆயினும் உலகு, உலகியல், வாழ்வு என்று விரியும் அச்சொல்லின் மற்றைப் பொருளின் நிழல் 'வாழ்வு' என்னும் தமிழ்ச் சொல்லில் தற்செயலாக வந்து படிந்திருத்தல் வியப்பே. நல்லூழ் எப்போதும் துணை நில்லாது என்பதையும் மறத்தலாகாது.

ஆங்கிலவழி வருவதனால் தமிழ் இழப்பது யாது? ருசியத்துக்கும் தமிழுக்கும் குல உறவு இல்லை. ஆயினும் ஆங்கிலத்துக்கு இல்லாத பல பண்புகள் இவ்விரு மொழிக்கும் பொதுவாக உள. அவற்றை ஆங்கிலம் என்னும் சல்லடையிற் போட்டு அரித்துவிட்டு, எஞ்சியதைத் தமிழில் இடுகின்றோம்.

முதலாவது முன்னிலை. தமிழில் 'நீ', 'நீங்கள்' என இருவகை உண்டு. ருசியத்திலும் 'தீ', 'வீ' என அவ்வாறே உண்டு. ஆங்கிலத்தில் இன்று ஒரே சொல். செக்கோவின் நாய்க்காரச் சீமாட்டி கதையை எடுத்துக்கொள்க. யால்தாவில் இருவரும் நெருங்கிய பின்னர், குரோவ் அன்னாவை ஒருமையில் 'நீ' என்கின்றான். அவளோ அவனைத் தொடர்ந்து பன்மையிலேயே விளிக்கின்றாள். அவள் நாணமும் அச்சமும் தன்னிரக்கமும், அவன் சற்றே சலித்த உரிமையும், இவ்விரு பெயர்ச்சொற்களின் வேறுபாட்டிலேயே அடங்கியுள. ஆங்கிலப் பெயர்ப்பில் இருவரும் ஒரே சொல்லால் விளித்துக்கொள்ள, வாசகன் இவ்வேறுபாட்டை அறியாமலே கடந்து செல்கின்றான். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குபவர் ஊகித்தே 'நீ' என்றோ 'நீங்கள்' என்றோ எழுதுதல் வேண்டும். ஊகம் பலிக்கலாம், பலிக்காதும் போகலாம். ஒரு கதையின் உயிர்நிலை ஊகத்தின்மேல் நிற்றல் தகுமா?

'அன்னா கரேனினா'விலே இதனினும் கூரிய இடம் ஒன்று உண்டு. குதிரைப் பந்தய நாளன்று வ்ரொன்ஸ்கி அன்னாவைக் காண வருகின்றான். அவன் அவளோடு பிரெஞ்சு மொழியிற் பேசத் தொடங்குகின்றான். ஏனெனில் ருசிய மொழியில் 'வீ' எனின் அவர்களிடையே தாங்கொணாத குளிர்ச்சி. 'தீ' எனினோ ஆபத்து. இரண்டிற்கும் தப்ப அயல்மொழியிற் புகுந்து ஒளிகின்றான் என்று தோல்ஸ்தோயே விளக்குகின்றார். கள்ளக்காதலின் இக்கட்டு முழுவதையும் ஓர் இலக்கணக் குறிப்பில் அடக்கிய திறன் இது. ஆங்கிலப் பெயர்ப்பாளர் இதனைச் சொல்ல இலக்கண விளக்கம் எழுத வேண்டியவராகின்றனர். தமிழ் வாசகனுக்கு விளக்கமே வேண்டியதில்லை! 'நீங்கள்' என்றால் அந்நியம், 'நீ' என்றால் ஆபத்து என்பதை நம் ஊர்ச் சிறுவனும் அறிவான். மூலத்திலிருந்து வந்தால் ஒரு வரியில் மின்னலெனப் புலப்படுவது, ஆங்கிலவழி வந்தால் அடிக்குறிப்பாய்ச் சுருங்குகின்றது.

இரண்டாவது எச்சம். ருசிய மொழியில் வினையிலிருந்து பிறக்கும் இருவகை வடிவங்கள் உள. ஒன்று நம் பெயரெச்சம் போன்றது. 'படிக்கின்ற மனிதன்' என்பதை ஒரே வினைவடிவால் மனிதனுக்கு அடையாக்கிச் சொல்லுதல் அங்கு இயல்பு. மற்றொன்று நம் வினையெச்சம் போன்றது. 'கடிதத்தைப் படித்து, எழுந்து, விளக்கை அணைத்து, வெளியே போனான்' என்ற தொடர்ச்சி ருசிய எழுத்தாளர் பலருக்குக் கைவந்த நடை. ஆங்கிலம் இவற்றைப் பெரும்பாலும் துணைவாக்கியங்களாக உடைக்கின்றது. அவ்வாறு உடைந்ததை மீண்டும் தமிழிற் பெயர்ப்போர் 'எந்த மனிதன் படித்தானோ அந்த மனிதன்' என்ற முறையிற் கரடுமுரடாய் எழுதிவிடுகின்றனர். மூலத்தில் ஓடிய ஆறு, வழியில் தேங்கித் தேங்கி வருகின்றது.

மூன்றாவது, 'எனக்கு' என்னும் நான்காம் வேற்றுமை. 'எனக்குக் குளிர்கின்றது', 'எனக்கு அது பிடிக்கும்' என நாம் கூறுவதுபோலவே ருசியரும் கூறுவர். 'ம்னே ஹோலத்ன' என்றால் 'எனக்குக் குளிர்' என்பதே சொல்லுக்குச் சொல் பொருள். 'உ மின்யா யெஸ்த் க்னீகா' என்பது 'என்னிடம் புத்தகம் உண்டு'. குளிரும் விருப்பும் உடைமையும் மனிதன் செய்யும் செயல்கள் அல்ல. அவை மனிதனிடத்து வந்து நிகழ்பவை. செக்கோவின் மாந்தர் பலர் வாழ்க்கையைத் தாம் நடத்தாமல், வாழ்க்கை தம்மிடத்து நிகழ்வதைப் பார்த்திருப்பவர். அம்மனநிலைக்கு இவ்விலக்கணம் பொருந்தி வருகின்றது என்பது என் துணிபு. ஆங்கிலமோ எல்லாவற்றிற்கும் ஓர் எழுவாயை முன்னே நிறுத்தி, மனிதனைச் செயல்வீரனாக்கிவிடுகின்றது.

வினையின் நிறைவும் நிறைவின்மையும் பற்றியும் ஒரு சொல். 'சித்தால்' என்றால் படித்தான், படித்துக்கொண்டிருந்தான். 'பிரொசித்தால்' என்றால் படித்துவிட்டான், படித்து முடித்தான். முன்னொட்டினால் அவர் செய்வதை நாம் 'விடு', 'கொள்', 'இரு' என்னும் துணைவினைகளாற் செய்கின்றோம். ஆங்கிலத்தின் ஒற்றை இறந்தகாலத்தில் இவ்வேறுபாடு பலவிடத்தும் மறைந்துபோம். எல்லாம் இவ்வாறு பொருந்திவிடும் என்று எண்ணுதல் தவறு. நடந்து போதலுக்கும் வண்டியிற் போதலுக்கும் ருசியர் வேறு வேறு வினைச்சொல் வைத்திருக்கின்றனர். நமக்கும் ஆங்கிலேயனுக்கும் 'போதல்' ஒன்றே. அங்கே நாமும் தோற்றுப்போவோம்.

செக்கோவ் 1890ஆம் ஆண்டு நவம்பரில் சகலின் தீவிலிருந்து கப்பலில் மீளும் வழியிற் கொழும்பில் இறங்கினார்; கண்டியையும் கண்டார்; இலங்கையைச் சுவர்க்கம் என்று தம் கடிதங்களிற் போற்றினார். 'கூசெவ்' என்னும் கதையை இங்கேயே எழுதத் தொடங்கினார். 1911இல் வந்த இவான் பூனின் கொழும்பு ரிக்ஷாக்காரன் ஒருவனை வைத்துச் 'சகோதரர்' என்ற கதையைப் பின்னர்ப் படைத்தார். நம் மண்ணில் வித்தூன்றிய அக்கதைகளையும் நாம் ஆங்கிலத்திற் பார்த்தே தமிழாக்குவோமாயின், வீட்டுப் பொருளை அயலூர்ச் சந்தையில் வாங்குதலோடொக்கும்.

ருசியம் கற்பிக்கும் கோடைப் பள்ளி ஒன்றை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ நிறுவுக என்று கூறுவது எளிது. பத்துப் பேர் போதும். மூல மொழியறிந்த பத்துப் பெயர்ப்பாளர் தோன்றின் ஒரு தலைமுறையின் குறை தீரும். பொருளுடையோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. ஆனால் மன்னார் பெருநிலப்பரப்பில் ஒரு கிராமத்துப் பாடசாலையில் இருந்து இதனை எழுதும் எனக்கு, மிடில்பெரியின் வரலாறு அருகிலுள்ள வேறொரு மொழியையே முதலில் நினைவூட்டுகின்றது.

உயிலங்குளத்திற் பஸ் ஏறினால் அது மதவாச்சியை நோக்கிப் போகின்றது. அப்பாற் சிங்களம். அநுராதபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் நோயாளிக்கு அங்கே நோயைச் சொல்ல ஒருவர் வேண்டும். 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. 2007 தொடக்கம் அரச சேவையிற் சேர்வோர் மற்றை மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டும் என்று சுற்றறிக்கையும் உளது. எமது மாணாக்கர் இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களத்தை வாரத்திற் சில பாடவேளை கற்கின்றனர். பரீட்சையிற் சித்தியும் எய்துகின்றனர். ஆயினும் எழுத்தைக் கூட்டி வாசிக்கும் பிள்ளை, எதிரே ஒருவர் வந்து வழி கேட்டால் வாயடைத்து நிற்கின்றது. குற்றம் பிள்ளையினதன்று, ஆசிரியரினதும் அன்று. உண்ணுமிடத்தும் உலாவும் வழியிலும் வழங்காத மொழி வகுப்பறையில் மட்டும் எங்ஙனம் வளரும்? 1956ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குத் தந்த காயத்தால், அம்மொழியைக் கற்றலே தாழ்வு என்று ஒரு தலைமுறை எண்ணிற்று. அவ்வெண்ணத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. பகைமை பெருகிய காலத்திலேயே பகைநாட்டு மொழிக்குப் பள்ளி பெருக்கிய அமெரிக்கரின் செய்கையை மட்டும் அதன் பக்கத்தில் வைத்து நோக்குகின்றேன். அவர்களுக்கு அது வலிமையாயிற்று.

எட்டு வாரம் நமக்குக் கிடையாது. இரண்டாம் தவணை விடுமுறை மிகக் குறுகியது. ஆயினும் அவ்விடுமுறையை ஒட்டிய நாட்களிலேதான், ஆவணியிலே, மடுத் திருவிழாவுக்குத் தெற்கிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் சிங்களம் பேசுவோர் ஆயிரக்கணக்கில் வந்து, மரநிழலிற் கொட்டில் அடித்துப் பல நாள் தங்குகின்றனர். அருகிலே தமிழ்க் குடும்பங்களும் தங்கும். கடலை விற்கும் சிறுவன் அப்பத்து நாளிற் பேசப் பழகும் சிங்களம், எம் பத்தாம் வகுப்பு மாணாக்கனிடம் இல்லை. ஸ்டிரோபே அம்மையார் மலைநாட்டில் பொருள் செலவிட்டு உண்டாக்கிய சூழல் இங்கே செலவின்றி ஆண்டுதோறும் கூடிக் கலைகின்றது. அதன் அருகே பத்து நாட்களுக்கு ஒரு முகாம் அமைத்து, தமிழ்ப் பிள்ளைகள் இருபதின்மரையும் தமிழ் கற்க விழையும் சிங்களப் பிள்ளைகள் இருபதின்மரையும் சேர்த்து, காலையில் ஒரு மொழி, மாலையில் மற்றை மொழி என்று விதித்து நடத்தலாம். உணவுக்கும் படுக்கைக்கும் ஆகும் செலவை வலயக் கல்வி அலுவலகமும் ஊர்ச் சங்கங்களும் பங்கிட்டுக்கொண்டால், ஒரு பிள்ளைக்கு ஆகும் தொகை ஒரு மாதத் தனியார் வகுப்புக் கட்டணத்தை விஞ்சாது என்பது என் கணிப்பு.